காது இரைச்சல் தாங்கவில்லை: காது மிஷினா, காக்ளியர் இம்ப்ளான்டா, மனப்பயிற்சியா?

"இரண்டு காதும் கேட்கவில்லை. உள்ளே மட்டும் ராத்திரி பகலாகச் சத்தம். இம்ப்ளான்ட் வைத்தால் நிற்குமா?" வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கேட்பவர்களில் ஒரு சாரார், பல வருடம் காது மிஷின் போட்டு, இப்போது அதுவும் எட்டாமல் போனவர்கள். இன்னொரு சாரார், காலையில் எழுந்தபோது ஒரு பக்கக் காது போயிருக்கக் கண்டவர்கள். இரு சாராருக்கும் பதில் ஒன்றில்லை. அதனால் அவர்களைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு காதும் மந்தமானவர் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி, வைப்பதா வேண்டாமா என்பதைப் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரைச்சல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இரைச்சல் இம்மிகூடக் குறையாது என்று வைத்துக்கொண்டாலும் இந்த ஆபரேஷன் எனக்கு வேண்டுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்று வந்தால் தைரியமாகப் போகலாம். இரைச்சல் குறைந்தால் அது மேல்வரும்படி. பலருக்குக் குறையவும் செய்கிறது.

## ஒப்பிட உட்காரும் முன்

இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால், அல்லது ஒரு காதில் மட்டும் புதிதாகக் கிளம்பியிருந்தால், இந்தக் கட்டுரை காத்திருக்கட்டும், முதலில் இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். ரத்தக்குழாய்க் கோளாறோ, கேள்நரம்பில் கட்டியோ இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான எம்.ஆர்.ஐ.யை இம்ப்ளான்டுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஏன் என்பது பின்னால் வருகிறது. திடீரென்று காது அடைத்துப் போனால் "தண்ணி போயிருக்கும், சளியா இருக்கும்" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஸ்டீராய்டு சிகிச்சைக்கு அதிகப் பலன் இருப்பது முதல் இரண்டு வாரத்துக்குள்தான்.

## எதை வைத்து எடை போடுவது

பேச்சு. நல்ல காது மிஷினைச் சரியாகப் பொருத்திக்கொண்டு, உதட்டைப் பார்க்காமல், எத்தனை சதவீதம் புரிகிறது? இதைக் கேட்புத்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் முறைப்படி அளப்பார். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு குத்துமதிப்பு எடுக்கலாம். யாரையாவது தினத்தாளால் வாயை மறைத்துக்கொண்டு பத்து வரி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் இம்ப்ளான்ட் பற்றிப் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

பாதிப்பு. இரைச்சலின் அளவு வேறு, அது உங்களைப் படுத்தும் பாடு வேறு. இந்தப் பாட்டை அளக்க, 25 கேள்விகள் கொண்ட டி.எச்.ஐ. (டின்னிட்டஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி) என்ற வினாத்தாள் இருக்கிறது. 0 முதல் 100 வரை மதிப்பெண். 16 வரை அற்பம். 58 முதல் கடுமை. எந்தச் சிகிச்சையைத் தொடங்கும் முன்பும் இதை நிரப்பித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து "குறைஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா இல்லை" என்ற குழப்பம் வராது.

திரும்ப முடியுமா? காது மிஷினைக் கழற்றி வைத்துவிடலாம். இம்ப்ளான்டை அப்படிக் கழற்றி வைக்க முடியாது.

பணம். கையை விட்டுப் போகும் முதல் தொகை மட்டுமல்ல, பத்து வருடக் கணக்கு.

ராத்திரி. இந்த ஒன்றை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. படுக்கும்போது நீங்கள் எடுக்கும் வழி வேலை செய்யுமா?

## காது மிஷின்

இரைச்சல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் மிஷின் எப்போது உதவும், எப்போது உதவாது என்பதும் விளங்கிவிடும். உட்காதில் நத்தை வடிவில் இருக்கும் காக்ளியாவின் மயிர்ச்செல்கள் பழுதானதும், நரம்பு வழியாக மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. மூளை அதை ஈடுகட்டத் தன் பக்கத்தில் வால்யூமைக் கூட்டுகிறது. அப்போது கேட்கும் வெற்றுச் சத்தம்தான் இது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கேள்நரம்பையே வெட்டியவர்களுக்கும் பல சமயம் இரைச்சல் நிற்காததற்குக் காரணம் இதுதான். சத்தம் காதில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. வெளிச்சத்தம் போதுமான அளவு உள்ளே போனால் மூளை வால்யூமைக் கொஞ்சம் இறக்குகிறது. மிதமான கேட்புக் குறைவு உள்ளவர்களுக்குக் காது மிஷின் இதைத்தான் செய்கிறது. சில மாடல்களில் மெல்லிய மழைச் சத்தம் போல ஒன்றைச் சேர்த்துத் தரும் வசதியும் உண்டு.

செலவு ஒரு காதுக்குப் பத்துப் பதினைந்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் கொடுத்தபடியே போட்டுக்கொண்டு "இது எனக்கு ஒத்துவரலை" என்று டிராயரில் போட்டவர்கள் ஏராளம். அளந்து, திருத்தி, மறுபடி அளந்து, இரண்டு மூன்று மாதம் நாள் முழுக்கப் போட்டிருந்தால்தான் அது ஒத்துவரவில்லை என்று சொல்ல உரிமை உண்டு. இம்ப்ளான்ட் மையங்களும் பொதுவாக இந்தச் சோதனையை முடிக்காமல் அடுத்த கட்டத்துக்கு விடுவதில்லை.

எங்கே தோற்கும்? மயிர்ச்செல் மிச்சமே இல்லாத காதில். அங்கே எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் நரம்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. "ராத்திரி ஃபேனை ஓடவிடுங்க, ரேடியோவை மெதுவா வைங்க" என்ற வழக்கமான அறிவுரையும் இங்கே பொய்த்துப் போகிறது. ஃபேன் சத்தம் கேட்டால்தானே இரைச்சலை மறைக்கும்! முழுச்செவிடானவரிடம் இதைச் சொல்லி அனுப்பும் டாக்டர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

## காக்ளியர் இம்ப்ளான்ட்

இது சத்தத்தைப் பெரிதாக்கும் கருவி அல்ல. காக்ளியாவுக்குள் 12 முதல் 22 வரை எலக்ட்ரோடுகள் கொண்ட மெல்லிய இழையைச் செருகி, செத்துப்போன மயிர்ச்செல்களைத் தாண்டி, நரம்பை நேரடியாக மின்துடிப்பால் தூண்டுகிறது. வெளியே காதின் மேல், சத்தத்தைப் பிடித்து மின்குறியாக மாற்றும் பிராசஸர். தோலுக்கு அடியில் உள்ள பகுதியோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1978ல் கிரேம் கிளார்க் தன் பல எலக்ட்ரோடு கருவியை முதன்முதலில் பொருத்தினார். பேச்சைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அன்றைக்கு நோக்கம். இரைச்சல் குறைவது கூடவே வந்த பலன்.

இம்ப்ளான்டுக்கு வரும் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே இரைச்சல் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைகிறது. ஒரு பகுதியினருக்கு அடியோடு போகிறது. சிலருக்கு அப்படியே இருக்கிறது. ஒரு சிறு பகுதியினருக்குக் கூடுகிறது. முன்பு இரைச்சலே இல்லாத சிலருக்குப் புதிதாக வருவதும் உண்டு. கடைசி இரண்டையும் சொல்லாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம். சுவிட்ச் ஆன் செய்வது சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து. இந்த இடைவெளியைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும். காதில் மிச்சமிருந்த கேட்புத்திறன் ஆபரேஷனில் போயிருக்கலாம். கருவியும் இன்னும் ஓடவில்லை. இரைச்சல் ஏறி நிற்கும் வாரங்கள் இவை. "தப்பு பண்ணிட்டோமோ" என்று குடும்பமே இடிந்து உட்கார்வது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு மேப்பிங், அதாவது கருவியின் அளவுகளை அவரவருக்கு ஏற்றபடி அமைப்பது. ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஆடியாலஜிஸ்ட் மெல்லிய பீப் அனுப்புவார்; கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இரைச்சல் உள்ளவருக்கு இங்கே ஒரு சிக்கல். வந்தது கருவியின் பீப்பா, தன் காதின் பீப்பா என்று தெரியாது. ஒன்றும் அனுப்பாதபோதே கை தூக்குவார். அனுபவம் உள்ள ஆடியாலஜிஸ்ட் கையைத் தூக்கச் சொல்ல மாட்டார். "எத்தனை பீப் கேட்டது, எண்ணிச் சொல்லுங்க சார்" என்பார். இரண்டா மூன்றா என்று எண்ணச் சொன்னால் மனது கருவியின் சத்தத்தைத் தனியே பிரித்துப் பிடித்துக்கொள்கிறது. இதில் அவசரப்பட்டு அளவைத் தப்பாக வைத்தால் பேச்சும் தெளியாது, இரைச்சலும் படியாது. மேப்பிங் மாற்றிய பிறகு இரைச்சல் கூடினால் சகித்துக்கொண்டு இருக்காமல் போய்ச் சொல்லுங்கள், திருத்த முடியும். மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சர்ஜனின் பெயரை மட்டும் விசாரிக்கிறோம். வருடக்கணக்கில் நாம் முகம் பார்க்கப்போவது ஆடியாலஜிஸ்டிடம்.

இனி ராத்திரி. தூங்கும்போது பிராசஸரைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். கழற்றியதும் என்ன ஆகிறது? பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மருத்துவக் குழு 2008ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான எண்களைத் தருகிறது. ஒரு காது செவிடாகி, அதில் தாங்க முடியாத இரைச்சலோடு இருந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் வைத்தார்கள். பத்துக்கு 8.5 என்று இருந்த இரைச்சல், இரண்டு வருடம் கழித்து, கருவி ஓடும்போது 2.5. கருவியை நிறுத்தினால் 6.1. அதாவது பகல் கிட்டத்தட்ட மீள்கிறது, ராத்திரி ஓரளவுதான். சிலருக்குக் கழற்றிய பிறகும் சில நிமிடமோ, சில மணி நேரமோ அமைதி நீடிக்கும். அதற்குள் தூங்கிவிட்டால் பாக்கியம். உங்கள் முதல் குறை தூக்கம்தான் என்றால் இம்ப்ளான்டை மட்டும் நம்பாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். இந்தியாவில் ஒரு காதுக்குக் கருவி, ஆபரேஷன் எல்லாம் சேர்த்து ஆறேழு லட்சத்தில் தொடங்கிப் பதினைந்து லட்சத்தையும் தாண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்ற அரசு உதவிகள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானவை. பெரியவர்கள் அனேகமாகக் கைக்காசுதான். மருத்துவக் காப்பீடு இருந்தால், கருவிக்கும் சேர்த்துப் பணம் தருமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷனுக்கு மட்டும் தந்துவிட்டுக் கருவியை விலக்கும் பாலிசிகள் இருக்கின்றன. பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு நிலைமை வேறு. அங்கே எந்தச் சிகிச்சைக்கு அரசு செலவிடலாம் என்று வகுக்கும் நைஸ் அமைப்பு 2019ல் திருத்திய வழிகாட்டுதலின்படி, இரண்டு காதிலும் குறைந்தது இரண்டு அலைவரிசைகளில் 80 டெசிபலுக்குக் குறையாத இழப்பும், மிஷினோடும் பேச்சு சரிவரப் புரியாத நிலையும் இருந்தால், ஒரு காதுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். செலவிலேயே வைக்கிறார்கள். அந்த அளவுகோலில் இரைச்சல் என்ற வார்த்தைக்கே இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வைத்த பிறகும் செலவு நிற்காது. பேட்டரி, கேபிள், காயில் எல்லாம் தேயும் பொருட்கள். சில வருடங்களில் பிராசஸருக்கே புது மாடல் வாங்க வேண்டிவரும், அது லட்சங்களில். வெளியூர்க்காரர் மேப்பிங்குக்காகப் பெருநகரம் வந்து போகும் ரயில் செலவும் லீவும் தனி. பணத்தில் அடங்காத சங்கடங்களும் சில உண்டு: கொஞ்ச காலம் தலைசுற்றல், நாக்கின் ஒரு பக்கம் ருசி மாறுவது, ஹெல்மெட் மாட்டும்போது காயில் கழன்று விழுவது. தலைக்குள் காந்தம் இருப்பதால் பழைய மாடல்களில் எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாடு, புது மாடல்கள் சிலவற்றில் காந்தம் திரும்பிக்கொள்ளும்படி செய்திருப்பதால் எடுக்கலாம். முதுகுவலிக்கோ பக்கவாதத்துக்கோ நாளைக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படக்கூடிய வயதில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே மாடலைப் பார்த்து வாங்க வேண்டும். மூளைக்காய்ச்சல் அபாயத்தைக் குறைக்க நிமோகாக்கல் தடுப்பூசியை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

## மனப்பயிற்சி

சி.பி.டி. எனப்படும் பேச்சுவழி சிகிச்சை. "எனக்கென்ன பைத்தியமா?" என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் அதிகம். இது சத்தத்தைக் குறைப்பதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. சத்தத்தால் வரும் பதற்றத்தையும் தூக்கக்கேட்டையும் குறைக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு 28 ஆய்வுகளை அலசி, இரைச்சலின் பாதிப்பு இதனால் குறையக்கூடும் என்றது. ஆபரேஷன் இல்லை, திரும்ப முடியாதது எதுவும் இல்லை, கருவி கழற்றிய ராத்திரியிலும் வேலை செய்யும். குறை என்னவென்றால், இரைச்சலைப் பற்றித் தெரிந்த மனநல நிபுணர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. காதே கேட்காதவருக்கு எழுதிக்காட்டி நடத்தப் பொறுமை உள்ளவர் கிடைப்பது அதைவிட அரிது. மற்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம்.

மாத்திரையைப் பற்றி ஒரே வரி: ஜின்கோ, வைட்டமின், பீட்டாஹிஸ்டின் எதுவும் இரைச்சலைத் தீர்ப்பதாக நிரூபிக்கப்படவில்லை. மாதாமாதம் அதில் போகும் பணத்தைச் சேர்த்தால் ஒரு நல்ல காது மிஷின் வாங்கிவிடலாம்.

## ஒரே பார்வையில் (இரண்டு காதும் மந்தமானவர்களுக்கு)

| அளவுகோல் | காது மிஷின் | இம்ப்ளான்ட் | மனப்பயிற்சி |
|---|---|---|---|
| பேச்சு புரிதல் | மிச்சக் கேட்பு இருந்தால் கூடும் | மிஷின் எட்டாத இடத்திலும் பெரும்பாலும் கூடும் | மாறாது |
| இரைச்சல் | மிதமான இழப்பில் குறைய வாய்ப்பு | பலருக்குக் குறையும். சிலருக்குக் கூடும் | சத்தம் அதேதான். பாதிப்பு குறையும் |
| ராத்திரி | கழற்றினால் பலன் குறையும் | கழற்றினால் பெருமளவு திரும்பும் | வேலை செய்யும் |
| முதல் செலவு | ஆயிரங்களிலிருந்து லட்சம் வரை | பல லட்சம் | அமர்வுக்கு இவ்வளவு என்று |
| பின்செலவு | பேட்டரி, சர்வீஸ் | உதிரிகள், மேப்பிங், புது பிராசஸர் | அனேகமாக இல்லை |
| பின்வாங்க | முடியும் | முடியாது | முடியும் |

## ஒரு காது மட்டும் போனவர்கள்

இவர்களுக்குக் கணக்கே வேறு. மறு காது நன்றாகக் கேட்பதால் நேருக்கு நேர் பேச்சு பெரிய பிரச்சினை இல்லை. போன காதின் இரைச்சல்தான் உயிரை வாங்குகிறது. அதனால் மேலே நான் சொன்ன "இரைச்சல் இரண்டாவது" என்ற விதி இங்கே தளர்கிறது.

இங்கே மூன்று வழி. கிராஸ் கருவி, செவிட்டுப் பக்கத்துச் சத்தத்தை மைக்கில் பிடித்து நல்ல காதுக்கு அனுப்புகிறது. எலும்பு வழிக் கருவி, மண்டையோட்டு அதிர்வாக அதையே செய்கிறது. மூன்றாவது இம்ப்ளான்ட். முதல் இரண்டும் விலையிலும் தொந்தரவிலும் குறைவு. பஸ்ஸில் செவிட்டுப் பக்கம் உட்கார்ந்தவர் பேசுவது கேட்கும். ஆனால் இரண்டுமே செவிட்டுக் காதின் நரம்புக்கு எதையும் அனுப்புவதில்லை. மூளை வால்யூமை இறக்க அங்கே காரணம் ஏற்படவில்லை. நெதர்லாந்தின் யூட்ரெக்டில் 120 பேரைக் குலுக்கல் முறையில் இந்த மூன்று வழிக்கும் பிரித்து ஆராய்ந்தார்கள். இரைச்சலின் பாதிப்பு தெளிவாகக் குறைந்தது இம்ப்ளான்ட் பிரிவில்தான்.

அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. ஒற்றைக் காது செவிட்டுக்கு முதல் இம்ப்ளான்டை அனுமதித்தது 2019ல். அதிலும் ஒரு நிபந்தனை: கிராஸ் போன்ற ஒரு கருவியை ஒரு மாதமாவது போட்டுப் பார்த்துப் பலன் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனை நம்மூருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் சிலருக்கு உண்மையான குறை என்ன என்பதே புலப்பட்டுவிடும். மீட்டிங்கில் ஒரு பக்கம் கேட்காததுதான் தொல்லை என்றால் கிராஸ் போதும். அது சரியான பிறகும் சத்தம் மண்டையைக் குடைகிறது என்றால் இம்ப்ளான்ட். செவிடாகி நெடுங்காலம் ஆனவர்களுக்குப் பலன் குறையும். கேள்நரம்புக் கட்டியை எடுக்கும்போது நரம்பும் போய்விட்டவர்களுக்கு இந்த வழி கிடையாது.

## யார் எதற்குப் போகலாம்

மிஷினோடு பாதிக்கு மேல் பேச்சு புரிகிறது, டி.எச்.ஐ. நடுத்தரம் என்றால் மிஷினை நன்றாக டியூன் செய்துகொண்டு மனப்பயிற்சியைச் சேருங்கள். பேச்சும் புரியவில்லை, வீட்டில் எல்லோரும் எழுதிக்காட்டும் நிலை என்றால், இரைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இம்ப்ளான்ட். பின்செலவுக்கு வழி இல்லாமல் கடன் வாங்கி வைப்பவர்கள் மட்டும் ஒருமுறை நிதானிக்க வேண்டும். கேபிள் அறுந்து மாற்ற முடியாமல் பிராசஸர் சும்மா கிடந்தால் அந்தக் காதுக்கு ஒன்றுமே மிஞ்சாது. பேச்சு நன்றாகப் புரிகிறது, இரைச்சல் மட்டும் பயங்கரம் என்றால், கேட்கும் காதில் ஆபரேஷன் வேண்டவே வேண்டாம்.

மற்றபடி இம்ப்ளான்ட் முடிவில் அவசரம் இல்லை. இரண்டாவது கருத்துக்கு இன்னொரு மையம் போய்வர நேரம் உண்டு. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. மூளைக்காய்ச்சலால் காது போனவர்களுக்குக் காக்ளியாவின் உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அடைத்த பிறகு எலக்ட்ரோடு இழையை முழுக்க உள்ளே செலுத்துவது கடினம். அவர்கள் காய்ச்சல் தணிந்த கையோடு ஸ்கேன் எடுத்து, வாரக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.